நாலு மணிக் கோபம்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் சண்டை வந்தால் பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணியை ஒட்டித்தான் வரும். குழாயடியில் குடத்தை யார் முதலில் வைத்தது, வண்டியை யார் வாசலில் நிறுத்தியது, யார் பிள்ளை யார் பிள்ளையை அடித்தது என்று ஏதாவது ஒன்றில் பிடித்துக்கொள்ளும். ஆறரை மணிக்குப் பார்த்தால் அதே ஆட்கள் அதே திண்ணையில் உட்கார்ந்து நேற்றைய சீரியலைப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு தெருவுக்கே ஒரே நேரத்தில் கோபம் வருகிறது என்றால் காரணத்தை ஒவ்வொருவர் குணத்திலும் போய்த் தேட முடியாது. நாலு மணிக்கு முன்னால் அந்த வயிறுகளில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

பார்த்தால் கணக்கு எளிதாகவே இருக்கிறது. தறி ஓட்டுகிற ஆணுக்குக் காலையில் ஒரு டீ, ஒன்பது மணிக்கு இன்னொரு டீயும் பன்னும், பதினொன்றுக்கு மறுபடி டீ. மதியம் தட்டு நிறையச் சோறு, மேலே ரசமோ புளிக்குழம்போ, தொட்டுக்கொள்ள அப்பளம். வீட்டிலேயே தார் சுற்றுகிற, அதாவது தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிற பெண்ணுக்கு அதுவும் இல்லை. பிள்ளைகளை அனுப்பி, பாத்திரம் கழுவி, பத்தரை மணிக்கு மேல் மிஞ்சிய இரண்டு இட்லி. சட்னி தீர்ந்திருக்கும், பொடிதான் இருக்கும். மதியம் எல்லோரும் சாப்பிட்டபின் அடிச்சோறு. பொரியலோ பருப்போ சட்டியில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊறுகாய். நடுவில் மூன்று நாலு டீ. தண்ணீர் மிகக் குறைவு.

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். இப்போது ஏற்காட்டு மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. தினமும் காலையில் சேலத்திலிருந்து பஸ் ஏறி, அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போகிறேன், சாயங்காலம் இறங்குகிறேன். மருத்துவமோ சத்துணவியலோ படித்தவள் இல்லை. ஆனால் பகலெல்லாம் பிள்ளைகளின் முகத்தையும் சாயங்காலம் தெருப் பெண்களின் முகத்தையும் பார்க்கிறவள். சாப்பாட்டுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். இதை எழுத ஒரே காரணம்தான். நம் வீடுகளில் ஒரு பெண்ணைச் சிடுமூஞ்சி என்றும், ஒரு பையனைச் சோம்பேறி என்றும், ஒரு பாட்டியை எரிந்து விழுகிறவள் என்றும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தறியில் இழை அறுந்தால் நெசவாளி தறியைத் திட்டமாட்டார், குனிந்து பாவு நூலைப் பார்ப்பார். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் நாம் அப்படிக் குனிவதில்லை.

உணவு குறைந்தால் குணமே மாறும் என்பதற்கு இதுவரை நடந்ததிலேயே வலுவான சோதனை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 45ஆம் ஆண்டுகளில் நடந்தது. ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாக வேறு சேவை செய்ய முன்வந்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறவர்கள்தானா என்று சோதித்த பிறகுதான் எடுத்தார்கள். 24 வாரங்களுக்கு அவர்களின் உணவைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தார்கள். உருளைக்கிழங்கு, ரொட்டி, கிழங்கு வகைகள் என்று பஞ்ச காலத்துச் சாப்பாடு. எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். மனத்துக்கு நடந்தது வேறு. சாந்தமாக இருந்தவர்கள் சின்ன சத்தத்துக்கெல்லாம் எரிச்சல்பட்டார்கள். சிரிப்பு போய்விட்டது, நண்பர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, சிலர் மனச்சோர்வில் விழுந்தார்கள். பகலெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே நினைத்து, சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். மறுபடி போதுமான சாப்பாடு கொடுத்த பிறகும் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆயின.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்த அமெரிக்க இளைஞர்கள் நினைவுக்கு வரவில்லை. என் அம்மாதான் வந்தார். தேர்ந்தெடுத்து, சம்மதம் வாங்கி, மருத்துவர்கள் பக்கத்தில் இருக்க 24 வாரம் நடத்திய சோதனை அது. எங்கள் தெருப் பெண்களுக்கு அது கல்யாணம் ஆன நாளிலிருந்து நடக்கிறது.

அம்மாவைக் கோபக்காரி என்றுதான் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லும். குழித்தறியில் அப்பா வெண்பட்டு நெய்ய, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவார். படி ஏறினால் மூச்சு வாங்கும். பச்சரிசியை வாயில் போட்டு மெல்லுவார். “ரத்தம் பத்தாதவ அப்படித்தான் திம்பா” என்று ஆயா, அதாவது என் பாட்டி, சொல்வார், சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். ஆயா சொன்னது மருத்துவமும் ஒத்துக்கொள்கிற விஷயம். மண், சாம்பல், பச்சரிசி, ஐஸ் போன்றவற்றின் மேல் வரும் அடங்காத ஆசை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களில் ஒன்று. கர்ப்பப்பையில் கட்டி என்று பின்னால் மருத்துவமனைக்குப் போனபோதுதான் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். மாத்திரையும் ஊசியும் உணவும் சேர்ந்து ஏற்றிய பிறகு எங்கள் வீட்டின் சத்தமே குறைந்தது. அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தார் சுற்றியதை நான் கேட்டது அதற்கு அப்புறம்தான். அத்தனை வருடங்கள் அவரைக் கோபக்காரி என்று சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அம்மா தனி ஆள் இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கும் மேல்தான். இரண்டு பெண்கள் நின்று பேசினால் அதில் ஒருத்திக்கு ரத்தம் குறைவு என்று அர்த்தம். இரும்பு என்றால் ரத்தச் சிவப்புக்கு மட்டும் என்று நினைக்கிறோம். மூளையில் உற்சாகத்துக்கும் ஈடுபாட்டுக்கும் வேண்டிய டோபமைனை உடம்பு தயாரிக்கவும் இரும்பு தேவை. அதனால்தான் ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புக் கையிருப்பு தீர்ந்துபோன பெண்களுக்கு அசதி இருக்கிறது, இரும்பு கொடுத்தால் அந்த அசதி குறைகிறது.

இங்கேதான் டீ வருகிறது. கீரை, பருப்பு, கேழ்வரகு, கம்பு போன்றவற்றில் இருக்கிற இரும்பு குடலில் சுலபமாக ஏறாத வகை. சாப்பாட்டோடு ஒரு டீ குடித்தால் டீயில் இருக்கிற துவர்ப்புப் பொருட்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏற வேண்டியதில் பாதிக்கும் மேல் ஏறாமலே போய்விடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காப்பி வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. டீயை விடு என்று நம் பெண்களிடம் நான் சொல்வதில்லை. பகலில் அவர்கள் உட்காருகிற ஒரே நேரம் அந்த டீ நேரம்தான், அதைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை. கொஞ்சம் தள்ளிக் குடியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

டீ தடுப்பதற்கு நேரெதிராக வைட்டமின் சி இரும்பை உள்ளே தள்ளிவிடும். கீரை கடைசலில் ஒரு மூடி எலுமிச்சை பிழிந்தால் போதும், அல்லது சோற்றுக்குப் பின் ஒரு கொய்யா. ஏற்காடு என்றால் ஆரஞ்சு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கொய்யாவில் ஆரஞ்சைப்போல நாலு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. சீசனில் அம்மாபேட்டை உழவர் சந்தையில் ஆப்பிளுக்கு ஆகிற காசில் கால்வாசிக்குக் கொய்யா கிடைக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போனால் ஆப்பிள், பிள்ளைகள் தெருவில் தின்றால் கொய்யா என்று ஒரு மரியாதை முறை நம்மிடம் இருக்கிறது. அதை மாற்றிக்கொண்டால் நல்லது.

அப்புறம் தண்ணீர். இதை உணவுக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை. தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், தறிச் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். குடித்தால் எழுந்து போக வேண்டும், போக இடம் இருக்காது, அல்லது இருக்கிற இடத்துக்குப் போகப் பிடிக்காது. பஸ்ஸில் மலை ஏறி இறங்குகிற ஆசிரியைகள் முக்கால்வாசிப் பேருக்கும் இதே கதைதான். இளம்பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவான நீரிழப்பிலேயே தலைவலியும் அசதியும் கூடின, மனநிலை கெட்டது, செய்கிற வேலை கடினமாகத் தோன்றியது. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அது சுமார் 800 மில்லி. சேலத்து ஏப்ரலில் அந்த அளவு வியர்வையாகப் போக அரைப்பகல் போதும். ஆக, ஒரு பெண்ணின் மூன்று மணித் தலைவலிக்குக் காரணம் ஒரு கழிப்பறை இல்லாததாகவும் இருக்கலாம். பட்டறை நடத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பானை நிறைய மோர் வைப்பது நல்ல காரியம், கதவு பூட்டுகிற ஒரு கழிப்பறை அதைவிட நல்ல காரியம்.

மதியச் சோற்றுக்குப் பின் வருகிற மந்தம் எல்லோருக்கும் தெரிந்தது. உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்று சொல்லி அதை விட்டுவிடுகிறோம். வெறும் வெள்ளைச் சோறு நிறையவும் மற்றதெல்லாம் பேருக்கும் இருந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆரம்பித்த இடத்துக்கும் கீழே இறங்கும். ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டவருக்கு அந்த இறக்கம் வரும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். அந்த நேரத்துக்குத்தான் நாம் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை வைத்திருக்கிறோம். சர்க்கரை தெம்பு தரும் என்ற நம்பிக்கையை 2019இல் 31 ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். இனிப்போ மாவுச்சத்தோ மனநிலையை எந்த நேரத்திலும் உயர்த்தவில்லை. அரை மணி நேரத்திலேயே அசதி கூடியிருந்தது, ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பும் குறைந்தது.

இதற்குச் சோற்றை விட வேண்டியதில்லை. பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டாலே சர்க்கரை ஏறுகிற உயரம் குறைகிறது. அதே சாப்பாடு, வரிசை மட்டும் வேறு. ஆனால் முதலில் சாப்பிடப் பருப்பு இருக்க வேண்டுமே. எங்கள் பக்கத்தில் கொள்ளுக் கடைசல், பச்சைப்பயறு கடைசல், தட்டப்பயிறு குழம்பு, மொச்சை என்று வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பருப்பு உண்டு. கொள்ளில் நூறு கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம். ஆயா காலத்தில் கொள்ளைக் கடைந்து, கடைந்த தண்ணீரை ரசமாக்கி, இரண்டையும் வீட்டிலிருக்கிற எல்லோருக்கும் ஊற்றுவார். இப்போது அந்த இடத்தில் சாம்பார்ப் பொடி போட்ட தண்ணீர்தான் இருக்கிறது. விலைவாசியைச் சொல்வார்கள். ஒரு டீயும் வடையும் வாங்குகிற காசில் ஒரு பிடி கொள்ளு ஒரு குடும்பத்துக்கே வந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலைக்கு வருகிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் இந்த மலையின் பழங்குடிக் குடும்பத்தார். அவர்களின் அப்பா அம்மா காப்பி எஸ்டேட்டில் கூலி வேலைக்கு விடியுமுன்னே போய்விடுவார்கள். முன்பெல்லாம் பதினோரு மணி ஆனால் வகுப்பில் ஒரு மாற்றம் தெரியும். முன்வரிசைப் பையன் மேசையில் தலை வைப்பான், பின்னால் இருக்கிறவன் பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், ஒரு பெண் காரணமே இல்லாமல் அழுவாள். எங்களில் சிலர் அதை ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொண்டார்கள். “கண்ணு, காலைல என்ன சாப்பிட்ட?” என்று கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு “வரக்காப்பி டீச்சர்” என்பார்கள். வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி, அதுவும் ஏழு வயதுப் பிள்ளைக்கு.

பெரியவர்களின் மூளை உடல் எடையில் இரண்டு சதவீதம்தான், ஆனால் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கிற ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நாலைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பங்கு பாதிக்கும் மேல். முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் மதியச் சத்துணவு வரை வெறும் காப்பியில் கணக்குப் போட வேண்டும் என்றால் அது நடக்கிற காரியமா?

2023 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய் போட்ட சாம்பார். இந்த மண்ணில் பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது பழைய பழக்கம்தான். 1920இல் சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியில் ஆரம்பித்து, காமராஜர் காலத்தில் மாநிலம் முழுவதும் பரவி, 1982இல் சத்துணவாக விரிந்து, முட்டையும் சேர்ந்தது. ஆனால் அதெல்லாம் மதியம். காலைக்கென்று மாநிலம் முழுவதும் அடுப்பு பற்றவைத்தது இப்போதுதான். எங்கள் பள்ளியில் நான் கண்ணால் பார்த்த மாற்றத்தைச் சொல்கிறேன். பதினோரு மணி அழுகை நின்றுவிட்டது. கிள்ளுவதும் குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை, பிள்ளைகள் பிள்ளைகள்தான். மேசையில் தலை வைத்த பையன் இப்போது பதினோரு மணிக்கு வாய்ப்பாடு சத்தமாகச் சொல்கிறான். அவனை நாங்கள் மக்கு என்று முடிவுகட்டியிருந்தால் அது எப்பேர்ப்பட்ட அநியாயமாக இருந்திருக்கும். இந்தத் திட்டத்தைச் செலவு என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு ஏதாவது ஒரு மலைப் பள்ளிக்கு வந்து பார்க்கட்டும்.

அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி சாமையும் கேழ்வரகும் விளைவித்துத் தின்றவர்கள். மலையில் இன்றும் சில ஊர்களில் சாமை விதைக்கிறார்கள். உரலில் குத்திய சாமையில் தவிடு ஒட்டிக்கொண்டிருக்கும், சோறு மங்கலாக இருக்கும், மெல்ல நேரமாகும், பசி சாயங்காலம் வரை தாங்கும். சேலத்துக் கடையில் பளபளவென்று பாக்கெட்டில் வருகிற சாமையில் அந்தத் தவிடு போய்விட்டிருக்கும். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து கேழ்வரகு பிஸ்கெட், தினை லட்டு, கம்பு நூடுல்ஸ் எல்லாம் வந்துவிட்டன. மைதாவும் சர்க்கரையும் முக்கால்வாசி இருக்கிற பிஸ்கெட்டில் கேழ்வரகு என்று பெயர் எழுதினால் அது களி ஆகிவிடாது. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது, எந்தத் தானியத்திலும் இந்த அளவு கிடையாது. அதைப் பெற நம்மிடம் ஏற்கெனவே வழி இருக்கிறது. சூடான களி, நடுவில் குழி பறித்து அதில் கீரை கடைசலோ கொள்ளுக் குழம்போ. களி தின்று வேலைக்குப் போன ஆளுக்கு நாலு மணிக் கோபம் வந்ததாக எங்கள் ஆயா சொல்லிக் கேட்டதில்லை. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், வீட்டுச் சாட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பியைப் பற்றிச் சொல்லாமல் ஏற்காட்டைப் பற்றி எழுத முடியாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலையில் காப்பிச் செடி ஏறியது. இன்று சில்வர் ஓக் நிழலில் மிளகுக்கொடியோடு சரிவெல்லாம் காப்பிதான். நான் காப்பியை நேசிக்கிறவள், காலையில் அதன் வாசனை இல்லாமல் எனக்கு நாள் தொடங்காது. ஆனால் காப்பி தெம்பு கொடுப்பதில்லை. விழித்திருக்கிற நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது சேரச் சேரத் தூக்கம் வரும். காப்பியில் இருக்கிற காஃபின் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அசதி அங்கேயேதான் இருக்கும், நமக்குத் தெரியாமல் மறைந்திருக்கும், அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடக்குறைய. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. டம்ளர் கணக்கில் அது மூன்று நாலு ஸ்ட்ராங் காப்பி, நிறைய என்பது உண்மை. ஆனால் நைட் ஷிஃப்ட் தறிக்காரர்களும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் சாயங்காலத்திலிருந்து குடிப்பதைக் கூட்டினால் அதை எட்டிவிடும். இரவு தூக்கம் கெட்டு, காலையில் சாப்பிடப் பிடிக்காமல், இன்னொரு காப்பியில் பகலை ஆரம்பித்து, மதியம் சோற்றைக் கொட்டிக்கொண்டு, நாலு மணிக்கு எரிந்து விழுவது அப்படித்தான் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வருகிறது.

ஜவ்வரிசியையும் சொல்லிவிடுகிறேன், சேலத்துக்காரி சொல்லாமல் விட்டால் குறை. ஆத்தூர்ப் பக்கமெல்லாம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு, அதிலிருந்து ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரி. 1981இலிருந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது, சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நம் ஊருக்குச் சோறு போடுகிற தொழில் அது. ஆனாலும் ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்துதான், புரதம் இல்லையென்றே சொல்லலாம். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு ஒரு வேளை கஞ்சி சரி. வளர்கிற பிள்ளைக்குத் தினசரிச் சாப்பாடாக அது போதாது. வடக்கே விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடியில் நிலக்கடலையை இடித்துப் போடுகிறார்கள், அது புத்திசாலித்தனமான பழக்கம். நம் பக்கம் கடலைக்கா பஞ்சமா? தட்டுவடை செட்டும் அப்படித்தான் எனக்குப் படுகிறது. வெளியூர்க்காரர்கள் அதை நொறுக்குத்தீனி என்று ஒதுக்குவார்கள். எண்ணெய் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்துத் தின்பது ஒரு கிரீம் பன்னைவிட எவ்வளவோ மேல்.

ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். மகிழ்ச்சிக்கான செரோடோனின் 90 சதவீதம் வயிற்றில்தான் சுரக்கிறது, அதனால் தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டால் மனச்சோர்வு போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. குடலில் அதிகம் சுரப்பது உண்மை. ஆனால் அந்தச் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. உணவால் மனச்சோர்வு குறையுமா என்று நேரடியாகப் பார்த்த சோதனைகளில் 2017இல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் வெளியிட்டது முக்கியமானது. மனச்சோர்வுள்ள 67 பேரில் ஒரு பாதிக்குக் காய்கறி, பருப்பு, முழுத்தானியம், கொட்டைகள், மீன் என்று உணவை மாற்ற உதவினார்கள், மறு பாதியோடு பேசிப் பழகினார்கள். 12 வாரம் கழித்து முதல் பிரிவில் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள், இரண்டாவதில் 8 சதவீதம். சின்னச் சோதனைதான், யார் எந்தப் பிரிவு என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் நம்பிக்கை தருகிற முடிவு. அவர்களில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மருந்தை நிறுத்தவில்லை என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லாமல், அழுகையாக, உயிரே பாரமாக இருந்தால் கொள்ளு ரசத்தை நம்பி உட்காராதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, சர்க்கரை நோய் எல்லாமே அசதியாகவும் எரிச்சலாகவும் முகம் காட்டும். முட்டையும் பாலும் மீனும் அதிகம் சேர்க்காதவர்கள் பி12ஐயும் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது என் கவலையெல்லாம் எங்கள் பள்ளியில் காலை உணவு சமைக்கிற அக்காக்களைப் பற்றித்தான். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வருகிறவர்கள். விடிகாலை ஐந்தரைக்கு வீட்டு வேலையை முடித்து, பனியில் நடந்து வந்து, பிள்ளைகளுக்குச் சூடாகப் போடுகிறார்கள். எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போது கேட்டால், “புள்ளைங்க சாப்புட்டாச்சுல்ல டீச்சர், நாங்க வூட்டுக்குப் போயி பாத்துக்கறோம்” என்பார்கள். வீட்டுக்குப் போனால் பத்தரை. அம்மாபேட்டையில் தார் சுற்றுகிறவளின் அதே பத்தரை.

அதனால் தலைமை ஆசிரியரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். ஆசிரியர்கள் நாங்கள் மாறி மாறி வீட்டிலிருந்து அவர்களுக்கும் சேர்த்து டிபன் கொண்டு போகிறோம். பிள்ளைகள் வரிசையில் உட்காரும்போது அவர்களும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பரிமாறுவது அன்றைக்கு எங்கள் வேலை. முதலில் கூச்சப்பட்டார்கள். “டீச்சருங்க போட நாங்க திங்கறதா?” என்று ஒருவர் எழுந்தேவிட்டார். இப்போது வாரத்தில் நாலு நாளாவது உட்காருகிறார்கள். டீயைப் பத்து மணிக்குத் தள்ளியிருக்கிறோம். அடுத்ததாக ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடம் கேட்டு அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய நாள் வாங்கியிருக்கிறேன். இரும்பு மாத்திரை கொடுத்தால் வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். கறுப்பாகப் போவது வழக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை, புரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம் என்று நர்ஸ் முன்கூட்டியே விளக்கச் சம்மதித்திருக்கிறார். அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போகிறேன்.